மறு: சட்டமே இல்லையே, அனுமதி எதற்கு?
வணக்கம். தரமணியில் நான்கு பேர் சேர்ந்து சின்னச் செயற்கைக்கோள் செய்கிறீர்கள், வெளிநாட்டு ராக்கெட்டில் ஏற்றப் போகிறீர்கள். "இந்தியாவில் விண்வெளிச் சட்டமே கிடையாது, யாரையும் கேட்க வேண்டாம்" என்கிறார் உங்கள் ஆலோசகர். பாதிதான் சரி. 2017-ல் வெளியான மசோதா வரைவு சட்டமாகவில்லை. ஆனால் சட்டம் இல்லை என்பதை நம்பி இறங்காதீர்கள்.

1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 6-வது பிரிவுப்படி, தனியார் செய்வதற்கும் அவர்களின் நாட்டு அரசே பொறுப்பு. 1972 பொறுப்பு உடன்படிக்கை இன்னும் கறார். ஏவிய நாடு மட்டுமல்ல, ஏவ ஏற்பாடு செய்த நாடும் மாட்டும். தரையில் சேதம் என்றால் தவறு யாருடையது என்ற பேச்சே இல்லை, இழப்பீடு கொடுத்தாக வேண்டும். 1978-ல் சோவியத்தின் காஸ்மோஸ் 954 செயற்கைக்கோள் கனடாவில் விழுந்தது. கடைசியில் 30 லட்சம் கனடிய டாலருக்குத் தீர்த்துக்கொண்டார்கள். உங்கள் பெட்டி விழுந்தால் (பெரும்பாலும் எரிந்துவிடும், அது வேறு) இழப்பீடு கேட்டு ஓலை டெல்லிக்கு வரும், அப்புறம் டெல்லி உங்களைத் தேடும்.

2009-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் செயற்கைக்கோள் இஸ்ரோவின் குடைக்குள் போனது. உங்களுக்கு அந்தக் குடை இல்லை. 2023 விண்வெளிக் கொள்கைப்படி இன்-ஸ்பேஸ் (தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பு) அனுமதி வாங்குங்கள். விரிவான நடைமுறைகள் 2024 மே மாதம் வந்துவிட்டன. அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புத் துறையிடம் தனி விண்ணப்பம். அதை இன்றே தொடங்குங்கள், ராக்கெட் காத்திருக்காது.

உண்மையான தலைவலி வேறு. பிரான்சின் 2008 சட்டத்தில் தனியாரின் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. முதலீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்த இழப்பீட்டுச் சுமை யார் தலையில் என்று எழுதி வாங்குங்கள்.