மெட்ரோ வேலையில் சிறு பட்டறைக்கு ஆர்டர்

அம்பத்தூரில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருந்தும் சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் ஒரு ஆர்டர்கூட வரவில்லை, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டிய 25 சதவீதம் எங்கே போனது என்று கேட்டிருந்தீர்கள். அந்த 25 சதவீதத்துக்கு அடிப்படையான மத்திய அரசின் 2012 கொள்முதல் ஆணை, மத்தியத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் நேரடியாக வாங்கும் பொருள், சேவைக்குத்தான். கட்டுமான ஒப்பந்தக்காரர் கிரில்லை யாரிடம் வாங்குகிறார் என்பதில் அது தலையிடாது. பெரிய ஓட்டை அதுதான், என்னைக் கேட்டால்.

அதனால் மெட்ரோ அலுவலகத்துக்கு அலையாமல், ஒப்பந்த நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் வெண்டராகப் பதிய முயலுங்கள். வெல்டர் தகுதிச் சான்று, மெட்டீரியல் டெஸ்ட் சர்டிபிகேட் எல்லாம் கையில் இருக்கட்டும்.

அப்புறம், முதல் சப்ளைக்கு முன்பே உத்யம் பதிவை (சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) முடித்துவிடுங்கள். 45 நாளைத் தாண்டிப் பணத்தை இழுத்தடித்தால் சிறு நிறுவனங்களின் பாக்கிப் புகாருக்கான மத்திய அரசின் இணையதளத்தில் முறையிடலாம். ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டியும் சட்டப்படி கேட்கலாம்.