ஸ்டெபிலைசர் வாங்கும் முன் கம்பியை அளந்து பாருங்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்கு அருகே தென்னந்தோப்பின் நடுவே எங்கள் வீடு இருக்கிறது. மாலை ஆறரை மணிக்கு மேல் வோல்டேஜ் 180 வரை இறங்கிவிடுகிறது. வீட்டிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்கும் கிணற்றின் ஒரு குதிரைத்திறன் மோட்டார் உறுமுகிறதே தவிர ஓடுவதில்லை. பாலக்காட்டில் ஒரு கடைக்காரர், வீடு முழுவதற்கும் சேர்த்து 5 கேவிஏ ஸ்டெபிலைசர் வைக்கச் சொல்கிறார். அதே பொருள் பொள்ளாச்சியில் விலை குறைவாகக் கிடைக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கோபாலபுரத்தில் இருக்கும் என் மைத்துனர் வீட்டில் இந்தத் தொல்லையே இல்லை. "தமிழ்நாட்டுக் கரண்ட் அப்படி" என்கிறார். எதை வாங்குவது, எங்கே வாங்குவது?

பதில்: முதலில் உங்கள் மைத்துனரின் பெருமைக்குப் பதில் சொல்லிவிடலாம். 2013 டிசம்பர் 31 அன்று தென்னிந்திய மின்கட்டம் நாட்டின் மற்ற மின்கட்டங்களோடு ஒரே தாளத்தில் இணைக்கப்பட்டது. கேரளமும் தமிழ்நாடும் அந்த ஒரே கட்டத்தில்தான் இருக்கின்றன. அவர் வீட்டு மின்சாரமும் உங்கள் வீட்டு மின்சாரமும் நொடிக்கு 50 என்ற அதே அதிர்வெண்ணில்தான் ஓடுகின்றன. அதிர்வெண் நாட்டுக்கே பொது. வோல்டேஜ் மட்டும் தெருவுக்குத் தெரு மாறும். அவர் வீடு ட்ரான்ஸ்பார்மருக்குப் பக்கத்திலும், உங்கள் வீடு தோப்புகளைக் கடந்து வரும் லைனின் கடைசிப் போஸ்டிலும் இருக்குமானால், இந்த வேறுபாட்டுக்கு அதுவே போதுமான காரணம். இடையில் இருக்கும் சோதனைச்சாவடிக்கு இதில் பங்கு எதுவும் இல்லை.

கம்பியில் மின்சாரம் ஓடும் தூரம் கூடக் கூட வோல்டேஜ் குறையும் என்பது மின்சாரத் தொழில் பிறந்த நாளிலிருந்தே அதைத் துரத்தி வரும் தொல்லை. 1882இல் எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் தொடங்கிய நிலையம் ஏறத்தாழ 110 வோல்ட் நேர்மின்சாரத்தை (டிசி) தந்தது. ஒரு மைல் தாண்டினால் அது பயன்படாது என்பதால், பேட்டைக்கு ஒரு நிலையம் கட்ட வேண்டியிருந்தது. 1885இல் புடாபெஸ்டின் கான்ஸ் தொழிற்சாலையில் மூன்று பொறியாளர்கள் நடைமுறைக்கு ஏற்ற ட்ரான்ஸ்பார்மரை உருவாக்கிய பிறகுதான், மாறுமின்சாரத்தின் (ஏசி) வோல்டேஜை உயர்த்தித் தொலைதூரம் அனுப்பி, சேருமிடத்தில் மீண்டும் தாழ்த்திக்கொள்ளும் வழி பிறந்தது. 1891இல் ஜெர்மனியின் லாஃபனிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் தூரம் மின்சாரம் சென்றது. பதினோரு ஆண்டுகளில், 1902இல், காவிரியின் சிவனசமுத்திரம் அருவியில் பிறந்த மின்சாரம், தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்த கோலார் தங்கவயலுக்குச் சுமார் 147 கிலோமீட்டர் கடந்து வந்து சேர்ந்தது.

இன்று மூலமற்றத்தில், இடுக்கி அணையின் நீரால் சுழலும் ஜெனரேட்டர்கள் 11,000 வோல்டில் உண்டாக்கும் மின்சாரமும் 220,000 வோல்டுக்கு உயர்த்தப்பட்ட பிறகே வெளியே புறப்படுகிறது. வோல்டேஜை 20 மடங்கு உயர்த்தினால், அதே திறனைக் கடத்தத் தேவைப்படும் மின்னோட்டம் 20இல் ஒரு பங்காகிறது. கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்சாரம் 400இல் ஒரு பங்காகிறது. பிறகு துணைமின் நிலையங்களில் படிப்படியாகத் தாழ்ந்து, மீண்டும் 11,000 வோல்டாக உங்கள் ஊர் ட்ரான்ஸ்பார்மரை அடைந்து, அங்கிருந்து வீட்டுக்கு ஏற்ற அளவில் புறப்படுகிறது. உங்கள் தொல்லை தொடங்குவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். நூற்றுக்கணக்கான கிலோமீட்டரை உயர் அழுத்தத்தில் எளிதாகக் கடந்து வந்த மின்சாரம், கடைசி ஒரு கிலோமீட்டரில் எடிசன் காலத்துச் சிக்கலிலேயே மாட்டிக்கொள்கிறது.

180 என்ற அளவை எந்த இடத்தில் அளந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எதை வாங்குவது என்பது முழுக்க அதைப் பொறுத்தது. நம்பகமான எலக்ட்ரீஷியன் ஒருவரை மாலை ஏழு மணிக்கு வரச் சொல்லி மூன்று முறை அளக்கச் சொல்லுங்கள்: வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் பெட்டியில் ஒரு முறை, மோட்டாரைப் போட்டு அதே இடத்தில் ஒரு முறை, மோட்டார் ஓட முயலும்போதே கிணற்றடியில் ஒரு முறை.

எல்லாம் அணைந்திருக்கும்போதே மீட்டரில் 180தான் என்றால், குறை வெளியே லைனில் இருக்கிறது. வீட்டு இணைப்புக்கு 240 வோல்ட், அதில் 6 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது விதி. அதாவது 226க்குக் கீழே இறங்கக் கூடாது. 1912 என்ற எண்ணில் புகார் பதிவு செய்து, செக்ஷன் ஆபீஸில் எழுத்து மூலமாகவும் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். அதே லைனில் உள்ள நான்கு வீட்டார் சேர்ந்து கையெழுத்திட்டால் மனுவின் எடை கூடும். சுமை ஒரே ஃபேஸில் குவிந்திருந்தால் பிரித்துவிடுவது, கனமான கம்பி மாற்றுவது, புதிய ட்ரான்ஸ்பார்மர் வைப்பது எல்லாம் மின்வாரியத்தின் பொறுப்பு. அங்கே தீராவிட்டால் நுகர்வோர் குறைதீர் மன்றமும், அதற்கு மேல் மின்சார ஆம்புட்ஸ்மேன் என்ற குறைகேள் அதிகாரியும் 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தில் இருக்கின்றன.

மீட்டரில் அளவு சரியாக இருந்து கிணற்றடியில் மட்டும் சரிந்தால், குற்றவாளி உங்கள் தோப்புக்குள்ளேயே இருக்கிறது. ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம் தடை தரும். 100 மீட்டர் போய்வர 200 மீட்டர் கம்பி, தடை 2.4 ஓம். உங்கள் மோட்டார் ஓடும்போது 8 ஆம்பியர் இழுத்தால், கம்பியிலேயே 19 வோல்ட் போய்விடும். கிளம்பும் நொடியில் அது நான்கைந்து மடங்கு மின்னோட்டம் கேட்பதால் இழப்பும் ஏறக்குறைய அதே மடங்கில் பெருகும். மோட்டாரின் திருப்புவிசையோ வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் முக்கால் பங்கானால் விசை பாதியை ஒட்டி வந்துவிடும். நீங்கள் கேட்கும் உறுமல் அதுதான். அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் ஓடும்போது ஏற்படும் இழப்பு 8 வோல்டுக்குள் அடங்கும். மோட்டாரைக் கிளப்ப உதவும் கண்டென்சர் தளர்ந்திருந்தாலும் இதே உறுமல் வரும் என்பதால், கம்பியைத் தோண்டி எடுக்கும் முன் அதைச் சோதித்துவிடுவது நல்லது. செலவும் மிகக் குறைவு.

இனி ஸ்டெபிலைசர். அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. வோல்டேஜைக் கூட்டித் தருவதற்கு ஈடாக லைனிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. 230 வோல்டில் 10 ஆம்பியர் கொடுக்க, 180 வோல்ட் லைனிலிருந்து ஏறத்தாழ 13 ஆம்பியர் வாங்குகிறது. அதனால் லைனின் வோல்டேஜ் இன்னும் இறங்குகிறது. கடைசிப் போஸ்டில் இருக்கும் ஐந்து வீட்டாரும் ஆளுக்கொன்று வாங்கிவிட்டால், ஒவ்வொருவரும் அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்து உண்ணும் பந்தியாக அது முடியும். மேலும், எல்.இ.டி. விளக்குகள், தொலைக்காட்சி, இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ள புதிய குளிர்பெட்டி ஆகியவற்றில் பெரும்பாலானவை 180 வோல்டைப் பொருட்படுத்துவதில்லை. அளவு அவற்றின் பின்பக்க வில்லையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பழைய குளிர்பெட்டி இருந்தால், வாரியம் லைனைச் சரிசெய்யும் வரை அதற்கு மட்டும் ஒரு சிறிய ஸ்டெபிலைசர் போதும். 5 கேவிஏ பெட்டிக்குக் கொடுக்கவிருந்த பணத்தில், ஐ.எஸ். 694 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ள கம்பியை வாங்குங்கள் என்பதே என் கருத்து.

எங்கே வாங்கினாலும் ஜி.எஸ்.டி. விகிதம் ஒன்றுதான், விலை வேறுபாடு கடைக்காரர்களின் லாபக் கணக்கைச் சேர்ந்தது. பொள்ளாச்சியில் வாங்கினால், பழுதுபார்க்கும் மையம் பாலக்காட்டில் உண்டா என்று கேட்டு, உத்தரவாத அட்டையில் கடை முத்திரையோடு பில்லும் பெறுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. பொள்ளாச்சிக் கடைக்கு எதிரான புகாருக்காகக் கோயம்புத்தூர் போய் நிற்க வேண்டியதில்லை.

கேள்வி: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதற்கு மேல் ஸ்டெபிலைசரும் வேண்டுமா? (கோவிந்தாபுரம்)

பதில்: சாதாரண வீட்டு இன்வெர்ட்டர், மின்சாரம் இருக்கும்போது அதை அப்படியே கடத்திவிடும், வோல்டேஜைத் திருத்தாது. அதன் பின்புறத்தில் யு.பி.எஸ்., நார்மல் என்று ஒரு விசை இருக்கும். யு.பி.எஸ். நிலையில் வோல்டேஜ் 180 அளவுக்கு இறங்கினாலே பேட்டரிக்கு மாறிவிடுவதால், உங்கள் பகுதியில் ஒவ்வொரு மாலையும் பேட்டரி தேய்ந்துகொண்டிருக்கும். கம்ப்யூட்டர் இல்லையென்றால் நார்மலில் வையுங்கள்.

கேள்வி: பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) மின்விசிறியை "டிசி ஃபேன்" என்று விற்கிறார்கள். வீட்டுக்கு வருவது ஏசி. இது ஏமாற்று வேலையா? (கஞ்சிக்கோடு)

பதில்: இல்லை. விசிறிக்குள் இருக்கும் சுற்றுப்பலகை மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, மோட்டாரின் சுருள்களுக்கு முறை வைத்துக் கொடுக்கிறது. ஒரு காலத்தில் தூரத்திடம் தோற்றுப்போன நேர்மின்சாரம், இன்று மின்னணுச் சாதனங்களின் துணையோடு தொலைதூரத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. 2021இல் திறக்கப்பட்ட புகளூர்–திருச்சூர் வழித்தடம் 320,000 வோல்ட் நேர்மின்சாரத்தில் 2,000 மெகாவாட்டைக் கடத்தக்கூடியது. மேற்குத்தொடர்ச்சி மலையின் இடைவெளியைக் கடந்து உங்கள் மாவட்டம் வழியாகத்தான் செல்கிறது.

பழைய விசிறி 75 வாட் கேட்கும் இடத்தில் இது 30 வாட்டை ஒட்டி எடுத்துக்கொள்ளும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 197 யூனிட் மிச்சம். அதை உங்கள் பில்லில் உள்ள கடைசி அடுக்கின் விலையால் பெருக்கி, கூடுதல் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வோல்டேஜ் இறங்கினாலும் வேகம் குறையாது. பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைக்க வேண்டும். இல்லையேல் பலகை கெடும். உத்தரவாதம் மோட்டாருக்கு மட்டுமா, அந்தப் பலகைக்கும் சேர்த்தா என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.