ஆக்சுவரி ஆவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கணக்கில் கெட்டி. ஆக்சுவரியல் சயின்ஸ் படிப்புக்கு எந்தக் கல்லூரி நல்லது? (ஒரு தாய், கரூர்)

அம்மா, காப்பீட்டில் வரக்கூடிய இழப்பைக் கணித்து, அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்று சொல்பவர்தான் ஆக்சுவரி. கல்லூரி இதில் இரண்டாம் பட்சம்தான். இங்கே ஒருவரை ஆக்சுவரி ஆக்குவது 2006ஆம் ஆண்டு ஆக்சுவரிகள் சட்டத்தின் கீழ் இயங்கும் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆக்சுவரிஸ் ஆஃப் இந்தியா. பிளஸ் டூ முடித்தவர்களே அதன் நுழைவுத் தேர்வான ஏசெட்டை எழுதலாம். கூடவே பி.எஸ்சி. புள்ளியியல் படிக்கட்டும், என் ஓட்டு அதற்குத்தான். ஆக்சுவரியல் என்று பெயர் போட்டு லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் இடமென்றால், இன்ஸ்டிடியூட் நடத்தும் தேர்வுகளில் எந்தெந்தப் பேப்பருக்கு விலக்கு கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள், அதை இன்ஸ்டிடியூட்டிலும் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஏசெட் பாஸ். ஆனால் இன்ஸ்டிடியூட்டின் புள்ளியியல் பேப்பரான சிஎஸ்1 இரண்டு முறை போய்விட்டது. விட்டுவிடலாமா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

வேண்டாம் தம்பி. நன்றாகப் படிப்பவர்களுக்கே போகிற பேப்பர்தான் அது. ஆனால் எந்தப் பகுதியில் போனது என்று பாருங்கள். சிஎஸ்1-இல் பேப்பர் பி கணினியில் ஆர் (R) என்ற புரோகிராமிங் மொழியில் எழுத வேண்டியது. பலர் தியரியை மாதக்கணக்கில் படித்துவிட்டு ஆர் பக்கம் கடைசி வாரத்தில்தான் போகிறார்கள், அப்புறம் ரிக்ரெஷன் தெரிந்தும் கட்டளை வராமல் மார்க் போகிறது. முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பாடத்தையும் ஆரில் போட்டுப் பாருங்கள். பழைய வினாத்தாள்களும் மாதிரி விடைகளும் இன்ஸ்டிடியூட் தளத்தில் இருக்கின்றன, அதைவிட நல்ல கோச்சிங் எனக்குத் தெரியாது. ஏசெட்டை மட்டும் வைத்து வேலை எதிர்பார்க்காதீர்கள். இரண்டு மூன்று பேப்பர் கையில் இருந்தால்தான் நிறுவனங்கள் திரும்பிப் பார்க்கும்.

ஆக்சுவரி ஆனால் நாள் முழுக்கக் கணக்குப் போடுவதுதான் வேலையா? (பி.காம். மாணவி, மதுரை)

கணக்கைக் கம்ப்யூட்டர் போட்டுவிடும். எதை நம்பிக் கணக்குப் போடுவது என்பதுதான் உங்கள் வேலை. மார்ச் 20ஆம் தேதி ஒரு லாரி மோதி ஒருவர் இறந்துவிடுகிறார் என்று வையுங்கள். 31ஆம் தேதி காப்பீட்டு நிறுவனம் வருடக் கணக்கை முடிக்கிறது, அந்த விபத்து பற்றி அதற்கு இன்னும் தகவலே வரவில்லை. நஷ்ட ஈட்டு மனு தீர்ப்பாயத்துக்குப் போக மாதங்கள், தீர்ப்பு வர வருடங்கள் ஆகலாம். ஆனாலும் அந்தக் குடும்பத்துக்கான பணத்தை இன்றே ஒதுக்கி வைத்தாக வேண்டும். இப்படி, நடந்துவிட்டது ஆனால் தகவல் வரவில்லை என்ற இழப்புக்கு ஒதுக்குவதைத்தான் ஐபிஎன்ஆர் (IBNR) என்கிறோம். பழைய கிளெய்ம்கள் எந்த வேகத்தில் வந்தன, அந்த வேகம் இப்போது மாறியிருக்கிறதா என்று கிளெய்ம் பிரிவு ஆட்களிடம் உட்கார்ந்து பேசாமல் இந்த எண் சரியாக வராது. குறைவாக ஒதுக்கினால் பின்னால் தவிப்பது பாலிசிதாரர். எனக்கு இந்தத் தொழிலில் பிடித்ததே இந்தப் பொறுப்புதான். உங்களுக்கும் அப்படித் தோன்றினால் தாராளமாக வாருங்கள்.

வயது 34, ஐடி வேலை. இப்போது ஆரம்பிக்கலாமா? (வாசகர், கோவை)

ஆரம்பிக்கலாம், வேலையை மட்டும் விடாதீர்கள். ஃபெலோ, அதாவது முழுத் தகுதி பெற்ற ஆக்சுவரி ஆக 13 பேப்பர் என்பதே பல வருடமாக இருந்த கணக்கு. வேலை பார்த்துக்கொண்டே எழுதினால் ஏழெட்டு வருடம் சாதாரணமாகப் போகும். முதல் ஆக்சுவரியல் வேலையில் இப்போதைய சம்பளத்தைவிடக் குறைவாகக் கிடைக்கலாம், அதை வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள். சம்பளம் மட்டும்தான் நோக்கமென்றால் உங்கள் அனுபவத்துக்கு டேட்டா சயின்ஸ் பக்கம் வழி சுருக்கம்.

சென்னையிலேயே வேலை கிடைக்குமா? (பலர்)

யுனைடெட் இந்தியா, ராயல் சுந்தரம், சோழமண்டலம் எம்எஸ், ஸ்டார் ஹெல்த் எல்லாவற்றுக்கும் தலைமையகம் சென்னைதான். ஆனாலும் மும்பை, குருகிராம், பெங்களூரில்தான் வாய்ப்பு அதிகம். முதல் வேலைக்கு ஊர் பார்க்காதீர்கள்.

அமெரிக்காவின் சொசைட்டி ஆஃப் ஆக்சுவரிஸ் (எஸ்ஓஏ) தேர்வா, இந்தியத் தேர்வா? (வாசகி, திருச்சி)

இந்தியக் காப்பீட்டு நிறுவனத்தில் சட்டப்படி நியமிக்கப்படும் தலைமை ஆக்சுவரியான அப்பாயின்டட் ஆக்சுவரி பொறுப்பு வரை போக ஆசையென்றால் இந்தியத் தேர்வு. அமெரிக்க நிறுவனங்களுக்காக இங்கிருந்து வேலை செய்யும் அலுவலகங்கள்தான் குறி என்றால் எஸ்ஓஏ. அதன் ஆரம்பத் தேர்வுகளான பி (நிகழ்தகவு), எஃப்எம் (நிதிக் கணிதம்) இரண்டையும் இந்தியாவிலேயே எழுதலாம். பாதி வழியில் மாறினால் எழுதிய பேப்பர் எல்லாம் அப்படியே கூட வராது, அதனால் முதல் கட்டணம் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.