முந்திக்கொண்டு கேட்டால் காரியம் கெடும்

தாராவி வாசகி: நர்சிங் முடித்திருக்கிறேன். மும்பை ஆஸ்பத்திரி ஒன்றில் உறுப்பு, திசு தான ஒருங்கிணைப்பாளர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

பதில்: போங்கள், ஆனால் தூக்கம் போகும். இதயம் நின்று 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும், அதற்குள் அழுதுகொண்டிருக்கிற மனைவியிடம் பேச வேண்டும், அதுவும் டாக்டர் மரணத்தைச் சொன்ன பிறகுதான், முந்திக்கொண்டால் காரியம் கெட்டது. முகம் கெட்டுப்போகுமா என்பார்கள். பெரும்பாலும் கருவிழிப்படலத்தை மட்டும்தான் எடுக்கிறார்கள், வெளியே தெரியாது. அதுவரை ஃபேனை நிறுத்தி, மூடிய இமைமேல் ஈரப்பஞ்சு வைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்கும் தோலுக்கும் மூளைச்சாவு தேவையில்லை. 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தில் திசு சேர்ந்ததும், ஆஸ்பத்திரி அதன்கீழ் பதிவுபெற ஒருங்கிணைப்பாளர் கட்டாயம் என்றானதும் 2011 திருத்தத்தில்தான். அப்புறம், உங்கள் தமிழ்! உங்கள் தாராவிக்குப் பக்கத்துச் சயானில் நம்ம ஊர்ப் பாட்டி ஒருத்தியிடம் இந்தியில் சம்மதம் கேட்டுப் பாருங்கள், தெரியும். வேண்டாம் என்றால் கெஞ்சாதீர்கள்.