நுரைக்காத ஷேவிங் ஸ்டிக்கும் பதினெட்டாயிரம் ரூபாய் இயந்திரமும்

கேள்வி: என் சொந்த ஊர் செங்கோட்டை. அப்பாவைப் பார்த்துப் பழகியதால், மீசை முளைத்த நாளிலிருந்து எனக்கு ஷேவிங் ஸ்டிக்கும் (குச்சி வடிவச் சவரச் சோப்பு) பிரஷும்தான். சென்ற ஆண்டு வங்கிப் பணி மாறுதலில் ஆந்திராவின் சித்தூருக்கு வந்தேன். அதே ஸ்டிக், அதே பிரஷ், ஆனால் நுரை கட்டுவதில்லை. பால் திரிந்தாற்போல் முகத்தில் திட்டுத் திட்டாக நிற்கிறது. சவரம் முடிந்ததும் கழுத்து எரிகிறது. கடைக்காரர் ஸ்டிக் போலி என்கிறார். வீட்டுக்கு வந்த ஒரு விற்பனையாளர் தண்ணீரைச் சோதித்துக் காட்டி, 18,000 ரூபாய்க்குத் தண்ணீரை மிருதுவாக்கும் ஓர் இயந்திரம் மாட்டச் சொல்கிறார். ஸ்டிக்கை மாற்றுவதா, இயந்திரத்தை மாட்டுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். குடிப்பதற்கு நீங்கள் வாங்கி வைத்திருக்கும் ஆர்.ஓ. கேன் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து, நாளைக் காலை அதிலேயே சவரத்தை முடித்துப் பாருங்கள். பெரும்பாலும் உங்கள் சிக்கல் அதோடு தீர்ந்துவிடும். குழாயில் வருவது உப்புத் தண்ணீர் என்பதை நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். ஆனால் அது சோப்பை என்ன செய்கிறது என்று தெரியாததால்தான், கடைக்காரர் ஒரு பக்கமும் இயந்திரக்காரர் ஒரு பக்கமும் உங்களை இழுக்கிறார்கள்.

சவரச் சோப்பில் ஸ்டீரிக் அமிலம் என்ற கொழுப்புப் பொருள் மிகுதியாக இருக்கும். நுரை கெட்டியாக, நெடுநேரம் அடங்காமல் நிற்பது அதனால்தான். செங்கோட்டையில் மலையிலிருந்து சிறிது தூரமே ஓடி வரும் நீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. ஆகவே சோப்பு முழுவதும் நுரையாகிவிடும். சித்தூர்ப் பக்கத்துப் பாறைகளுக்குள் தேங்கிக் கிடக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரிலோ கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. இவை சோப்பைக் கண்டதும் அதைப் பிடித்துக்கொண்டு, நீரில் கரையாத வெள்ளைக் கசடாக மாற்றிவிடும். உங்கள் முகத்தில் நிற்கும் திட்டு அந்தக் கசடுதான். நீரில் இவை எவ்வளவு இருக்கின்றன என்பதைத்தான் கடினத்தன்மை என்கிறோம். லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீர் என்றால், ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய மூன்றரை கிராம் சோப்பைக் கசடாக்கிவிட்டுத்தான் நுரைக்க விடும். ஒரு சவரத்துக்கு நாம் தேய்க்கும் சோப்போ ஒரு கிராமைத் தாண்டுவதே அரிது.

கிண்ணத்துச் சோப்பில் பிரஷைச் சுழற்றுகிறவர்களை விட ஸ்டிக் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதலாகத் தெரியும். ஸ்டிக்கைத் தாடியின் மேல் நேராகத் தேய்க்கும்போது படிவது மெல்லிய பூச்சு மட்டுமே. முகத்தில் உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தால், பிரஷ் வந்து சேர்வதற்குள் அந்தப் பூச்சில் பாதி கசடாகிவிட்டிருக்கும். உடனே நுரை போதவில்லை என்று பிரஷை மறுபடியும் அதே தண்ணீரில் முக்குவோம். அது இருக்கிற நுரையையும் கெடுக்கும்.

நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, ஐந்து நிமிடத்தில் நீங்களே சோதித்துவிடலாம். நன்கு கழுவிய இரண்டு சிறு தண்ணீர் பாட்டில்களை எடுத்து, ஒன்றில் குழாய் நீரும் மற்றதில் கேன் நீரும் கால் பாகம் ஊற்றுங்கள். ஸ்டிக்கிலிருந்து கத்தியால் துளியளவு சீவி, இரண்டிலும் சம அளவில் போட்டு, மூடி நன்றாகக் குலுக்குங்கள். ஒரு பாட்டிலில் நுரை கழுத்து வரை எழும்பி நிற்க, மற்றதில் நீர் வெளுத்துக் கலங்கி மேலே தயிர்த்திட்டுப் போல் மிதந்தால், குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். ஷாம்புவையோ பாத்திரம் கழுவும் திரவத்தையோ வைத்து இதைச் செய்யாதீர்கள். அவை உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும் வேறு இனம், உங்களைக் குழப்பிவிடும்.

இனிச் செய்முறை. முகத்தைக் குழாய் நீரில் கழுவுவதில் தடையில்லை, ஆனால் கடைசியாக ஒரு கை கேன் நீரால் தாடியை நனைத்து, இரண்டு நிமிடம் ஊற விடுங்கள். பிரஷையும் அதே டம்ளரில் ஊறப்போட்டு, எடுத்துப் பிழிந்து, ஈரமாக ஆனால் சொட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கின் முனையை மட்டும் நனைத்து, முடி வளரும் திசைக்கு எதிராக, கன்னம், தாடை, கழுத்து என்று ஒவ்வோர் இடத்திலும் நான்கைந்து முறை அழுத்தித் தேயுங்கள். முள்முள்ளான தாடி, துருவலைப் போலச் சோப்பைச் சீவி எடுத்துக்கொள்ளும். தோல் தெரியாத அளவுக்கு வெண்மை படிய வேண்டும். மேலுதட்டுக்கு முனையாலேயே ஒரு தேய்ப்பு போதும். பிறகு பிரஷை வட்டமாகச் சுழற்றுங்கள். முதலில் பசைபோல் இழுக்கும். அப்போது பிரஷின் நுனியை மட்டும் டம்ளரில் தொட்டெடுத்துத் தொடருங்கள். இரண்டு மூன்று முறை இப்படித் தொட்டெடுத்தால், கண்ணுக்குக் குமிழி தெரியாத, மினுமினுக்கும் நுரை வந்துவிடும். விரலால் தொட்டால் வழுக்க வேண்டும். இழுத்தால் தண்ணீர் போதவில்லை, வழிந்தால் சோப்பு போதவில்லை. ஒரு நாள் கேன் தண்ணீர் தீர்ந்துபோனால், குழாய் நீரிலேயே வழக்கத்தை விட இருமடங்கு தேய்த்து, தண்ணீரைக் குறைத்துக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம்.

நல்ல தண்ணீருக்கு மாறியும் முதல் சில நாட்கள் நுரை அடங்கிப்போனால் பிரஷைப் பாருங்கள். ஓராண்டாக உப்புத் தண்ணீரில் அலசி உலர்த்திய பிரஷின் அடிவேரில், முடிச்சுக்குள், வெள்ளையாகக் கசடு உறைந்திருக்கும். ஒரு டம்ளர் கேன் நீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து, பிரஷைப் பத்து நிமிடம் ஊறப்போட்டு, விரலால் பிரித்து அலசிவிடுங்கள். மக்கின் உட்புறத்தில் படிந்திருக்கும் வெள்ளைப் படலத்துக்கும் இதே வைத்தியம்தான்.

இப்போது அந்த இயந்திரத்துக்கு வருகிறேன். சோப்பு ஆய்வகத்தில் காலம் தள்ளியவன் என்பதால், இந்த வித்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. சித்தூர், நகரி, புத்தூர் என்று இல்லை, எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் திருத்தணி, குடியாத்தம் வரை இதே கதைதான். வந்தவர் உங்கள் குழாய் நீரை ஒரு கண்ணாடி டம்ளரிலும், தாம் கொண்டுவந்த நீரை இன்னொன்றிலும் ஊற்றி, உலோகக் கம்பிகள் தொங்கும் ஒரு சிறு கருவியை வைத்து மின்சாரம் செலுத்தியிருப்பார். சற்று நேரத்தில் உங்கள் டம்ளர் பழுப்பும் பச்சையுமாகச் சாக்கடை நிறத்துக்கு வந்திருக்கும். அவருடையது தெளிந்தே இருந்திருக்கும். “இதைத்தான் சார் குடிக்கிறீங்க, இதிலதான் முகம் கழுவுறீங்க” என்று சொல்லியிருப்பார். உண்மையில் அந்த நிறம் உங்கள் தண்ணீரில் இருந்ததன்று. உப்புள்ள நீரில் மின்சாரம் பாயும், பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாகிறது, அவ்வளவே. அவர் கொண்டுவந்த நீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் பாயவில்லை. அடுத்த முறை வந்தால், அவருடைய தெளிந்த டம்ளரில் நீங்களே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டுக் கருவியை வைக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். பெரும்பாலும் அதற்கு முன்பே அவருக்கு வேறு வீட்டு வேலை நினைவுக்கு வந்துவிடும்.

பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரைக் காட்டி மிரட்டுவது இன்னொரு வகை. அது நீரில் கரைந்துள்ள மொத்த உப்பைத்தான் மதிப்பிடும்; அதில் சோப்பைக் கெடுக்கும் கால்சியம், மக்னீசியம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. குழாயின் மேல் காந்த வளையம் மாட்டினால் தண்ணீர் மிருதுவாகும் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். காந்தத்தை எத்தனை மாட்டினாலும் கால்சியம் நீரிலேயேதான் இருக்கும். உங்கள் சோப்பு அதைச் சந்தித்தே தீரும். பிசின் (ரெசின்) நிரப்பிய உருளையில் நீரைச் செலுத்தி, கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தரும் இயந்திரம்தான் வீட்டுக் குழாய்க்கு உண்மையாக வேலை செய்வது. அதற்கும் அவ்வப்போது உப்புக் கரைசல் ஊற்றிப் பிசினைக் கழுவ வேண்டும். துணி துவைக்க, வெந்நீர்க் கொதிகலனைக் காக்க என்று வீடு முழுவதுக்கும் வேண்டுமானால் அதை யோசிக்கலாம். ஒரு டம்ளர் நீரில் முடிகிற சவரத்துக்காக வாடகை வீட்டில் பதினெட்டாயிரம் ரூபாயை யாராவது மாட்டிவிட்டுப் போவார்களா? அப்படியே வாங்குவதானாலும், மாட்டுவதற்கு முன்னும் பின்னும் கடினத்தன்மை எவ்வளவு என்று ஜி.எஸ்.டி. ரசீதின் மேலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஆனால் நீங்கள் புகாரைப் பதிவு செய்யும் நேரத்தில் விற்றவரின் கைபேசி அணைந்திருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வியாபாரம் செழிப்பதற்கு அரசு ஏற்பாட்டின் மெத்தனமும் ஒரு காரணம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்றும் விட்டுவைத்திருக்கிறது. எங்கள் பக்கத்து ஊர்களில் அந்த ‘வேறு ஆதாரம்’ எந்தக் காலத்தில் வந்தது? எந்தத் தெருவுக்கு ஆற்று நீர், எந்தத் தெருவுக்கு போர் தண்ணீர், அதன் கடினத்தன்மை என்ன என்று தொட்டியின் மேல் ஓர் எண்ணை எழுதி வைப்பதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. மாவட்டத் தலைநகரங்களில் அரசின் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் உள்ளன. கட்டணம் கட்டினால் அறிக்கை கிடைக்கும்; ஆனால் சுருக்கெழுத்தும் எண்ணும் நிறைந்த அந்தத் தாளை எடுத்துச் சொல்ல ஆளிருக்காது. நீங்கள் அதில் மொத்தக் கடினத்தன்மை என்ற ஒரு வரியை மட்டும் தேடுங்கள்.

கடைக்காரர் சொன்ன போலி ஸ்டிக் விஷயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. குளியல் சோப்பையே குச்சியாக அழுத்தி, ‘மூலிகை’ என்று பச்சைத் தாளில் சுற்றி விற்கிறார்கள். கேன் நீரிலும் பெரிய குமிழிகளாக எழும்பி ஓரிரு நிமிடத்தில் காய்ந்துவிடும் நுரை அதன் அடையாளம். சவரச் சோப்பானால் மூலப்பொருள் பட்டியலின் தொடக்கத்திலேயே ஸ்டீரிக் அமிலமோ பொட்டாசியம் என்று தொடங்கும் ஒரு பெயரோ இருக்கும். பட்டியல் அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அதை எறும்பெழுத்தில், வெள்ளித்தாளில் அச்சிட்டுவிடுகிறார்கள். சில வெளிநாட்டு ஸ்டிக்குகள் விலங்குக் கொழுப்பில் செய்யப்படுபவை. அதைத் தவிர்ப்பவர்கள் பட்டியலில் ‘டாலோவேட்’ என்று முடியும் பெயரைப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் ஸ்டிக் செங்கோட்டையில் நன்றாக நுரைத்ததென்றால் அதன் மேல் ஐயம் வேண்டாம். ஆனால் ஒன்று, முகத்தில் நேராகத் தேய்ப்பதால் ஸ்டிக்கை ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும்; தம்பிக்கும் தரக் கூடாது.

கேன் தண்ணீருக்குக் காசு கொடுப்பானேன், ஏ.சி. குழாயில் சொட்டுவது சுத்தமான நீர்தானே என்று இதைப் படிக்கும் சிலர் கேட்பார்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் கால்சியம் இல்லை என்பது உண்மை. சோப்பு அதில் அருமையாக நுரைக்கும். ஆயினும் அந்த நீர், மாதக்கணக்கில் துடைக்கப்படாத குளிர்ச்சுருளின் தூசியிலும், பாசி பிடித்த தட்டிலும், வழுவழுப்பான குழாயிலும் ஊறி வருகிறது. பிளேடு போகும் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருந்தே தீரும். அவற்றில் இந்த நீரைத் தேய்க்கக் கூடாது. கொதிக்க வைத்து ஆற்றினால் கிருமி சாகும், குளிர்ச்சுருளிலிருந்து கரைந்திருக்கும் உலோகம் போகாது. சென்ற வாரம்தான் சர்வீஸ் செய்தேன் என்பவருக்கும், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பவருக்கும் என் பதில் இதுவே. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இருமடங்கு அழுத்தமாக. இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நுரைக்கு ஏற்றதுதான். ஆனால் அதே கடையில், அதே மாதிரி கேனில் பேட்டரி ஆசிட்டும் விற்பனைக்கு இருக்கும். அது முகத்தைப் பொசுக்கிவிடும். ஆகவே அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கழுத்து எரிச்சலுக்குக் காரணம், கசடில் வழுவழுப்பு இல்லாததால் பிளேடு இழுபட, நீங்கள் இன்னும் அழுத்திச் சவரம் செய்திருப்பது. நுரை சரியானால் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அதுவரை கழுத்தில் எதிர்த் திசையில் மழிக்காமல், முடி போகும் போக்கிலேயே ஒரே முறை இழுங்கள். டம்ளரில் மிச்சமிருக்கும் நீரால் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை கழுவிவிடுங்கள். சீழ் வைத்த பருக்கள் கிளம்பினால் படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டிராமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.