கல்லூரி மாணவர்களுக்குக் கால்பந்து அடிப்படை: கேள்வி பதில்

பதினெட்டு வயதுக்கு மேல் முதன்முறையாகப் பந்தைத் தொடுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றி மட்டும் கேளுங்கள். எந்த ஷூ நல்லது, உலகின் சிறந்த வீரர் யார் என்பதற்கெல்லாம் என்னிடம் பதில் கிடையாது.

ஓரக்கோடு: வணக்கம் சார். 40 மாணவர்கள், 12 பந்துகள், ஒரு மணி நேரம். பாதிப் பேர் பந்தையே உதைத்ததில்லை. முதல் நாள் என்ன செய்வது?

முதலில் என்ன செய்யக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன்: வரிசையில் நிற்க வைக்காதீர்கள். 20 பேர் ஒரு வரிசை, ஆளுக்கு 6 நொடி என்றால் தன் முறை வரவே 2 நிமிடம் ஆகும். கால் மணி நேரத்தில் ஒருவர் ஏழெட்டு முறை பந்தைத் தொடுவார். அதில் யாருக்கும் ஒன்றும் வராது.

முதல் 10 நிமிடம் உடலைச் சூடாக்குங்கள். மெதுஓட்டம், இடுப்பைத் திறந்து மூடும் நடை, முன்காலை மடக்கி இறங்கும் நடை, பிறகு முக்கால் வேகத்தில் சில ஓட்டங்கள். நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் மைதானத்தைப் பார்த்ததும் முழு வேகத்தில் ஓடுவார்கள். தொடையின் பின்தசை பிடித்துக்கொள்வது அங்கேதான்.

பிறகு நான்கு நான்கு பேராகப் பத்துக் குழு. 8 மீட்டர் சதுரத்தில் மூவர் பந்தைக் காலால் ஒருவருக்கொருவர் கொடுக்க, ஒருவர் நடுவில் நின்று பறிக்க வேண்டும். 15 நிமிடம் போதும், ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை நடுவில் இருப்பவரை மாற்றுங்கள். மீதி நேரம் நாலுக்கு நாலு ஆட்டம்: 25க்கு 15 மீட்டரில் ஐந்து களம், 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோன் வைத்தால் கோல், கோல்கீப்பர் வேண்டாம். 4 நிமிடம் ஆட்டம், 1 நிமிடம் ஓய்வு, எதிரணி மாற்றம். விதி மூன்றுதான்: கையால் தொடாதே, ஆளை உதைக்காதே, பந்து வெளியே போனால் கோட்டில் வைத்து உதை. இதற்கு மேல் முதல் நாள் சொல்வது எதுவும் காதில் ஏறாது.

இடதுகால்: பாஸ் கொடுத்தால் பந்து எழும்புகிறது, சிலருக்குச் சுழன்றுகொண்டு பக்கவாட்டில் போகிறது. எங்கே தவறு?

ஊன்றுகாலைப் பாருங்கள், உதைக்கும் கால் அப்புறம். ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, விரல்நுனி பாஸ் போக வேண்டிய திசையைப் பார்த்து இருக்க வேண்டும். முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். உதைக்கும் பாதம் வெளிப்பக்கம் திரும்பி, உள்பாதத்தின் நடுப்பகுதி, அதாவது கணுக்கால் எலும்புக்குக் கீழுள்ள அகலமான இடம், பந்தின் நடுவில் பட வேண்டும்.

எழும்பினால் ஊன்றுகால் பந்துக்குப் பின்னால் தங்கிவிட்டது, உடல் பின்னால் சாய்கிறது, பாதம் பந்தின் அடியில் நுழைகிறது. பக்கவாட்டில் சுழன்றால் பெருவிரல் பக்கம் பட்டிருக்கும், அல்லது கால் பந்துக்குக் குறுக்கே வீசியிருக்கும். பலமே இல்லாமல் உருண்டால் கணுக்கால் தொளதொளவென்று இருக்கிறது. ‘கணுக்காலை இறுக்கு’ என்றால் பலருக்கு எப்படி என்று புரியாது. ‘ஷூவுக்குள் பெருவிரலை மேலே தூக்கு’ என்று சொல்லுங்கள், கணுக்கால் தானே பூட்டிக்கொள்ளும்.

5 மீட்டரில் தொடங்கி, பந்து எழும்பாமல், பக்கவாட்டில் சுழலாமல் நேராக உருண்டு போகிறதென்றால் 10 மீட்டருக்குப் போங்கள். பந்தின் காற்றையும் பாருங்கள். விதிப்படி 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் வரை இருக்கலாம். புதியவர்களுக்குக் கீழ் எல்லையை ஒட்டியே வையுங்கள். கல்லாக அடித்த பந்து காலில் பட்டுத் தெறித்தால் கற்றுக்கொள்ள வந்தவருக்குத் தன்மேலேயே நம்பிக்கை போய்விடும்.

மைதானக்காரி: வரும் பந்தை நிறுத்தும்போது முழுவதும் நின்றுவிடுகிறது. சரியா?

சரியில்லை. அடுத்த அடி வைக்கும் தூரத்துக்கு, போக வேண்டிய திசையில் பந்து நகர வேண்டும். உடலைப் பக்கவாட்டில் திறந்து, பந்து வரும் பக்கத்துக்குத் தள்ளியிருக்கும் காலின் உள்பாதத்தால் வாங்கச் சொல்லுங்கள். பந்து வருவதற்கு முன்பே ஒருமுறை தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். வந்த பிறகு பார்ப்பதில் பயனில்லை.

மூன்றாம் வரிசை: மாஸ்டர், ஆஃப்சைடை, அதாவது எதிராளிகளைத் தாண்டி கோலுக்கு அருகில் நின்று பந்து வாங்கக்கூடாது என்ற விதியை, எப்படிப் புரியவைப்பது? கரும்பலகையில் வரைந்தால் தலையாட்டுகிறார்கள், களத்தில் எல்லாம் போய்விடுகிறது.

கரும்பலகையை விடுங்கள். ஒரு கோல்கீப்பர், இரண்டு டிஃபெண்டர், பாஸ் கொடுப்பவர் ஒருவர், ஓடுபவர் ஒருவர் போதும். எல்லாரும் நடை வேகத்தில். பாஸ் கொடுப்பவரின் கால் பந்தில் படும் நொடியில் நீங்கள் கைதட்டுங்கள், எல்லோரும் உறைந்து நிற்க வேண்டும். கடைசிக்கு முந்தைய எதிராளிக்கு நேர்கோட்டில் ஒரு மாணவரைக் கொடியோடு நிறுத்தி அவரையே தீர்ப்புச் சொல்லச் சொல்லுங்கள். பத்து முறை செய்தால், பந்து வந்து சேரும் நேரம் கணக்கில் இல்லை, உதைத்த நேரம்தான் கணக்கு என்பது தானாகப் பிடிபடும்.

அவர் பார்க்க வேண்டியது இதுதான்: தாக்குபவரின் தலை, உடல், கால் இவற்றில் ஏதாவது எதிரணிப் பாதியில் இருந்து, பந்தையும் கடைசிக்கு முந்தைய எதிராளியையும் தாண்டி கோல் கோட்டுக்கு அருகில் இருக்கிறதா? கையும் அக்குளின் அடிமட்டத்துக்குக் கீழுள்ள புஜமும் கணக்கில்லை. சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை. அந்த இடத்தில் சும்மா நிற்பதும் குற்றமல்ல. பந்தை ஆடினால், எதிராளியை மறைத்தால், அவரோடு பந்துக்கு மோதினால், அல்லது கம்பத்திலோ கீப்பர் தடுத்ததிலோ தெறித்து வந்ததைப் பயன்படுத்தினால்தான் விசில். தண்டனை மறைமுக ஃப்ரீ கிக், அதாவது நேரடியாகக் கோல் அடிக்க முடியாத உதை. ‘கடைசிக்கு முந்தையவர்’ என்பதில் கீப்பரும் ஒருவராக எண்ணப்படுவார். அவர் முன்னேறி வந்துவிட்டால், ஆஃப்சைடு ஆகாதிருக்க தாக்குபவருக்குச் சமமாகவோ அவரைவிட கோல் கோட்டுக்கு அருகிலோ இரண்டு டிஃபெண்டர் இருக்க வேண்டும்.

நாலுக்கு நாலில் இதை நுழைக்காதீர்கள். ஏழுக்கு ஏழு ஆடும்போது கொண்டுவாருங்கள்.

விசில்காது: த்ரோ-இன்னில் (பக்கக்கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் உள்ளே எறிவதில்) ஆஃப்சைடு உண்டா?

கிடையாது.

புதுவரவு: கீப்பர் வெளியே வந்துவிட்டால் ஆஃப்சைடு எப்படி?

மேலேயே சொல்லியிருக்கிறேன்.

பழைய விசில்: வணக்கம். எனக்கு உங்கள் முறையில் உடன்பாடு இல்லை. பாஸே வராதவர்களை ஆட்டத்தில் இறக்கினால் எல்லாரும் பந்தைச் சுற்றி மொய்ப்பார்கள். முதலில் அடிப்படை, பிறகு ஆட்டம் என்பதுதான் முறை.

மொய்ப்பது பெரிய களத்தில் பதினொருவர் ஆடும்போது. நால்வராகக் குறைத்தால் மொய்க்க ஆள் கிடையாது. அப்போதும் மொய்த்தால் ஒவ்வொரு அணிக்கும் இரண்டு சின்ன கோல் வையுங்கள், இரு ஓரத்திலும் ஒவ்வொன்று. ஒரு பக்கம் அடைபட்டால் அடுத்த பக்கம் பார்த்தே ஆக வேண்டும். நீங்கள் வாய்விட்டு ‘பரவி நில்’ என்று கத்தத் தேவையில்லை. இது என் கண்டுபிடிப்பும் அல்ல. டேவிட் பங்கரும் ராட் தார்ப்பும் 1982இல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஆட்டத்திலிருந்து தொடங்கிக் கற்பிக்கும் முறையை எழுதிவிட்டார்கள்.

நடுகளம்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கோன்களுக்கிடையே டிரிப்ளிங் செய்தால், அதாவது பந்தைக் காலால் தள்ளிக்கொண்டே ஓடினால், பந்து காலில் ஒட்டுகிறதே, அதையும் வேண்டாம் என்கிறீர்களா?

ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். உள்பாதம், வெளிப்பாதம், உள்ளங்கால் எது எதற்கு என்று கால் பழகும். ஆனால் கோன் பறிக்க வராது, அதனால் கண் பந்தைவிட்டு நிமிராது. எதிராளி வந்ததும் அதே மாணவர் தலையைக் குனிந்தபடி முட்டிக்கொள்வார்.

பழைய விசில்: த்ரோ-இன்னையும் டாக்கிளையும் (எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பதையும்) ஆட்டத்திலேயே கற்றுக்கொள்வார்களா? முட்டி போய்விடும்.

இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. அடிபட வாய்ப்புள்ளவை தனியாகத்தான்: டாக்கிள், தலையால் முட்டுவது, கீப்பர் தரையில் விழுவது. டாக்கிளில் சறுக்கலை இந்த நிலையில் நான் அனுமதிப்பதே இல்லை, நின்றபடி பறிப்பது மட்டும். த்ரோ-இன் இரண்டு நிமிட வேலை: களத்தைப் பார்த்து நில், இரு கையாலும் தலைக்குப் பின்னிருந்து தலைக்கு மேலாக எறி, இரு பாதங்களின் ஏதாவது ஒரு பகுதி கோட்டிலோ வெளித்தரையிலோ இருக்கட்டும். பின்காலைத் தூக்கிவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு.

மற்ற எல்லாவற்றுக்கும் நான் கடைப்பிடிப்பது: 8 நிமிடம் ஆட்டம், அதில் தெரிந்த ஒரே ஒரு குறைக்கு 6 நிமிடம் தனிப்பயிற்சி, உடனே அதே ஆட்டம் 10 நிமிடம். ஏன் பயிற்சி என்று மாணவர்களுக்கே தெரிந்திருக்கும். இந்த வயதுக்காரர்கள் காரணம் கேட்பார்கள்.

பழைய விசில்: அப்படியென்றால் தேர்வில் பந்தைத் தரையில் விடாமல் எத்தனை முறை தட்டுகிறார் என்று பார்த்து மதிப்பெண் போடுவதும் தவறா?

தவறுதான். அது எண்ணுவதற்கு வசதி, அவ்வளவே. ஆட்டத்தில் அப்படித் தட்டிக்கொண்டே நிற்க யாரும் விடமாட்டார்கள். ஆட்டத்தையே பாருங்கள்: பாஸ் கொடுத்த பின் நகர்ந்தாரா, இடத்தைப் பயன்படுத்தினாரா, வாங்கும்முன் பார்த்தாரா. ஒருவருக்கு 5 நிமிடம் கவனித்தால் போதும். இதோடு நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

வெள்ளைக்கோடு: பந்து கையில் பட்டாலே ஹேண்ட்தானே?

இல்லை. வேண்டுமென்றே தொட்டால், அல்லது கை இயல்பில்லாத நிலையில் உடலை அகலப்படுத்தினால் குற்றம். தற்செயலாகவே பட்டாலும், பட்டதும் தானே கோல் அடித்தால் அந்தக் கோல் செல்லாது.

கையுறை: கீப்பர் பந்தை எவ்வளவு நேரம் கையில் வைத்திருக்கலாம்?

8 நொடி. தாண்டினால் எதிரணிக்குக் கார்னர். பழைய 6 நொடி, மறைமுக ஃப்ரீ கிக் எல்லாம் 2025-26 பருவத்தோடு போயிற்று. தன் அணிக்காரர் வேண்டுமென்றே காலால் தள்ளிய பந்தை அவர் கையால் எடுக்கக்கூடாது என்பது 1992 முதலே உள்ளது, அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

கலப்பு அணி: பள்ளி அணியில் ஆடியவர்களும் புதியவர்களும் ஒரே குழுவில். பழையவர்கள் பந்தை விடுவதில்லை.

அவர்களுக்கு மட்டும் இரண்டு தொடுதல் என்று கட்டுப்படுத்துங்கள். புதியவர்களுக்குக் கட்டுப்பாடு வேண்டாம். பழையவரைப் பயிற்சியாளர் ஆக்கிவிட்டு ஓரத்தில் நிறுத்தாதீர்கள், அவரும் ஆடத்தான் வந்திருக்கிறார்.

தலைவலி: பயிற்சியில் ஒருவர் தலையில் மோதிக்கொண்டு தலைசுற்றுகிறது என்றார். பத்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி இறக்கலாமா?

கூடாது. அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. மருத்துவரிடம் அனுப்புங்கள், எப்போது திரும்பலாம் என்பதை அவர் சொல்வார். இதில் என்னைக் கேட்காதீர்கள்.

வலை: தூக்கி வைக்கும் கோல்போஸ்ட் வாங்கியிருக்கிறோம். எத்தனை பேர் சேர்ந்து நகர்த்தலாம்?

எத்தனை பேர் என்பதைவிட, நகர்த்தி வைத்ததும் பின்கம்பியை ஆணியடித்தோ மணல்மூட்டை வைத்தோ தரையோடு பிணைத்தீர்களா என்பது முக்கியம். கம்பத்தில் தொங்கினால் முன்பக்கம் சாயும், அடியில் இருப்பவர் உயிருக்கே ஆபத்து. யாரும் தொங்கக்கூடாது என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லுங்கள். ஷின் கார்டு (முன்னங்கால் எலும்புக்கான காப்பு) அணியச் சொல்வதும் அப்படித்தான். மோதிரம், சங்கிலி கழற்றாதவரை உள்ளே விடாதீர்கள்.

கடைசி பெஞ்ச்: சார், த்ரோ-இன்னில் ஆஃப்சைடு...

கிடையாது. கார்னரிலும் கிடையாது, கோல் கிக்கிலும் கிடையாது. அதை ஒரு தாளில் எழுதி அறைக்கதவில் ஒட்டிவிடுங்கள்.