எந்த நாளிதழின் நடை எளிது? எண்ணிப் பார்ப்பவர்களுக்கான கேள்வி பதில்

தினத்தந்தியையும் தினமணியையும் புள்ளியியல் முறைப்படி ஒப்பிடும் மாணவர்கள் கேட்டவை.

ஃபிளெஷ் சூத்திரத்தைப் போட்டால் எல்லாச் செய்தியும் மைனஸில் வருகிறதே?

வரத்தான் செய்யும். ஓர் உரை படிக்க எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போடும் அந்தச் சூத்திரத்தை ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் ஆங்கிலத்துக்காக அமைத்தார்; மதிப்பெண் கூடினால் எளிது. ஒரு சொல்லுக்குச் சராசரியாக எத்தனை அசையோ (யாப்பிலக்கண அசை அல்ல, உயிரொலிகளின் எண்ணிக்கை) அதை 84.6ஆல் பெருக்கி, 206.835இலிருந்து கழிக்க வேண்டும். மூன்று அசை என்றாலே 253.8 ஆகிவிடும், வாக்கிய நீளத்துக்காகக் கழிக்க வேண்டியதைத் தொடும் முன்பே மைனஸ். உருபும் துணைவினையும் ஒட்டிக்கொள்ளும் தமிழில் மூன்று அசை சர்வசாதாரணம். அதை விட்டுவிட்டு, சொல் நீளத்தையும் வாக்கிய நீளத்தையும் தனித்தனியாக அளந்து ஒப்பிடுங்கள்.

சொல் நீளத்துக்குக் கணினி காட்டும் எண்ணிக்கை போதுமா?

போதாது. ‘நிர்ணயிக்கப்பட்டுள்ளது’ என்பதில் நமக்கு 13 எழுத்து. யூனிகோடு குறிகளை (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீடுகளை) எண்ணும் நிரலுக்கோ 22, ஏனென்றால் புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும்.

இதைவிடப் பெரிய சிக்கல் இடைவெளி. அதையே ‘நிர்ணயிக்கப்பட்டு உள்ளது’ என்று பிரித்தால் 10, 4 என இரண்டு சொற்கள், சராசரி 7. படிப்பவருக்கு எந்த வித்தியாசமும் இல்லை, ஆனால் பிரித்து எழுதும் நாளிதழ் உங்கள் அட்டவணையில் பாதி எளிதாகிவிடும்! எனவே, இரண்டு நாளிதழ்களின் செய்திகளையும் ஒரே விதிப்படி சேர்த்தோ பிரித்தோ எழுதிக்கொண்டு அப்புறம் எண்ணுங்கள். ‘ரூ.500’, ‘எம்.ஜி.ஆர்.’ போன்றவற்றில் உள்ள புள்ளிகளை முதலிலேயே நீக்குங்கள். இல்லாவிட்டால் நிரல் அவற்றை வாக்கிய முடிவு என்று எடுத்துக்கொள்ளும்.

சராசரியா, இடைநிலை அளவா?

வாக்கிய நீளத்துக்கு இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்), கூடவே கால்மானங்கள் (அந்த வரிசையை நான்கு சம பாகமாகப் பிரிக்கும் எண்கள்). அமைச்சரின் பேச்சு முழுவதையும் ‘என்று கூறினார்’ என ஒரே வாக்கியமாக முடிக்கும் செய்தி ஒன்று போதும், சராசரியைத் தூக்கிவிட.

எத்தனை செய்தி எடுக்கலாம்?

எண்ணிக்கையைவிடத் தேர்வு முக்கியம். ஒன்றில் விளையாட்டுச் செய்தி, மற்றதில் தலையங்கம் என்று எடுத்தால் நாளிதழை அல்ல, செய்தி வகையைத்தான் ஒப்பிடுகிறீர்கள். நாள்களைக் குலுக்கிப் போட்டு எடுங்கள். ஒவ்வொரு நாளிலும் ஒரே நிகழ்வை இரண்டும் எழுதிய செய்திகளை இணையாக வையுங்கள். ஒரே செய்தியிலிருந்து எடுத்த 200 வாக்கியங்கள் 200 மாதிரிகள் ஆகாது.

சொல் நீளமும் வாக்கிய நீளமும் குறைந்தால் எளிது என்று எழுதிவிடலாமா?

கூடாது. ‘பிணை’ இரண்டு எழுத்து, ‘ஜாமீன்’ மூன்று. டீக்கடையில் பேப்பர் படிப்பவருக்கு எது சட்டென்று விளங்கும்? ஆகவே ஆட்களிடமும் சோதியுங்கள். வில்சன் டெய்லர் 1953இல் சொன்ன வழி இருக்கிறது: ஒவ்வோர் ஐந்தாவது சொல்லையும் அழித்துவிட்டுக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வது. அதே சொல் வேண்டுமா, பொருள் பொருந்தினால் போதுமா என்பதை விடைகளைப் பார்ப்பதற்கு முன்பே முடிவுசெய்து எழுதி வைத்துவிடுங்கள்.